லகானும் ஓர் இளவரசரும்: 1842 பாரீஸ் இரட்டைக் குதிரை வண்டி விபத்து – நிகழ்வு ஆய்வு

நடந்தது

1842 ஜூலை 13, புதன்கிழமை. பிரான்ஸ் அரசர் லூயி ஃபிலிப்பின் மூத்த மகன் ஃபெர்டினான் ஃபிலிப், ஓர்லேயான் கோமகன், பட்டத்துக்கு உரியவர். வயது 31. அன்றே செயின்ட் ஓமேருக்குப் போய்ப் படைகளைப் பார்வையிட வேண்டியிருந்தது. கிளம்புவதற்கு முன் நெயீ அரண்மனையில் இருந்த பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு வந்துவிடலாம் என்று, முற்பகலில் துய்லரி அரண்மனையிலிருந்து புறப்பட்டார். மேலே மூடியில்லாத இலேசான நான்கு சக்கர வண்டி. இரண்டு குதிரைகள். வண்டிக்குள் அவர் மட்டும். பூட்டிய குதிரைகளில் ஒன்றின்மேல் ஏறி ஓட்டிப்போனார் ஒரு குதிரைக்காரர்.

துய்லரியிலிருந்து நெயீ அப்படி ஒன்றும் தூரமில்லை. ஷான்ஸ் எலிசே வழியாக ஏறி, வெற்றி வளைவைத் தாண்டி, போர்த் மய்யோ வாயில் வரை கிட்டத்தட்ட நேர்கோடு. அந்த வாயில் பக்கம் வந்தபோதுதான் அவர் ஏறியிருந்த குதிரை மிரண்டது. நாலுகால் பாய்ச்சலில் அது கிளம்ப, ஜோடிக் குதிரையும் சேர்ந்து ஓடியது. வண்டி ரெவோல்ட் சாலைக்குள் புகுந்து பறந்தது. (1750இல் பாரீஸில் கலகம் நடந்த பிறகு, அந்த ஊருக்குள் கால் வைக்காமலே வெர்சாயிலிருந்து செயின்ட் தெனிக்குப் போய்வர பதினைந்தாம் லூயி போட்டுக்கொண்ட சாலை அது.)

இளவரசருக்கும் குதிரைக்காரருக்கும் நடந்ததாக ஒரு பேச்சு வழிவழியாகச் சொல்லப்படுகிறது. குதிரைகள் உன் பிடியில் இல்லையா என்று இளவரசர் கேட்டார். இல்லை பிரபு, ஆனாலும் இன்னும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார் குதிரைக்காரர். சற்று நேரத்தில் இளவரசர் தரையில் கிடந்தார். வண்டியின் படி தரைக்கு மிக அருகில் இருந்தது, அதில் கால் வைத்துக் குதித்தார், இரண்டு காலும் தரையைத் தொட்டன, ஆனால் வேகம் தள்ளிவிட்டது, தலை கல்பாவிய சாலையில் மோதியது என்பது அன்று பரவலாக வெளியான விவரம். எழுந்து நின்றவரை வண்டி தூக்கி எறிந்துவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. பக்கத்தில் இருந்த ஒரு மளிகைக்கடைக்குள் தூக்கிப் போனார்கள். மண்டையோடு உடைந்திருந்தது. அரசரும் அரசியும் நெயீயிலிருந்து வந்து சேர்ந்தார்கள். நினைவு திரும்பாமலே மாலை நாலரை மணி வாக்கில் உயிர் பிரிந்தது.

இந்த விபத்தை ஆராய வைப்பது இன்னொரு தகவல். இளவரசர் விழுந்த பிறகு, கொஞ்ச தூரத்திலேயே குதிரைக்காரர் குதிரைகளை அடக்கிவிட்டார். வண்டியைத் திருப்பிக்கொண்டு அந்தக் கடை வாசலுக்கே வந்து நின்றார். வண்டி கவிழவில்லை, எதிலும் முட்டவில்லை. குதிரைகளும் குதிரைக்காரரும் முழுசாகத் திரும்பினார்கள். அப்படியானால் அந்தச் சில நிமிடங்களில் லகான் தன் வேலையைச் செய்ததா, செய்யவில்லையா? செய்தது, பாதி வேலையை மட்டும் செய்தது என்பது என் முடிவு. அந்தப் பாதி போதுமானதாகவும் இருந்தது. எப்படி என்று பார்க்க, அந்த வண்டியில் குதிரைகளை எப்படிப் பூட்டியிருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வண்டியும் பூட்டும்

அந்தப் பூட்டுக்கு தோமோன் முறை என்று பெயர். அதில் முன்பலகையில் உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்காரர் கிடையாது. நான்கு குதிரை என்றால் இடப்பக்கத்துக் குதிரைகள் இரண்டிலும் ஆளுக்கு ஒருவராக இரண்டு குதிரைக்காரர்கள் ஏறிக்கொள்வார்கள். இரண்டு குதிரை என்றால் இடத்துக் குதிரைமேல் ஒருவர். இதை அரை தோமோன் என்பார்கள். இளவரசர் போனது அரை தோமோனில்.

முன்பலகை இல்லாததால் உள்ளே உட்கார்ந்திருப்பவரைத் தெருவில் நிற்கும் எல்லோரும் பார்க்கலாம். முன்னால் யாருடைய முதுகும் மறைக்காது. ஊர்வலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பூட்டு இல்லை. இங்கிலாந்தில் ராயல் அஸ்காட் குதிரைப் பந்தயத்துக்கு அரச குடும்பம் வரும் வண்டிகளை இன்றும் இப்படித்தான் குதிரைமேல் ஏறி ஓட்டுகிறார்கள். மெதுவாக, வழிநெடுகக் காவலோடு, நன்றாகப் பழகிய குதிரைகளை வைத்துப் போகும்போது அழகுதான். அவசரமாக ஊருக்கு வெளியே ஒரு நடை போய்வர இது ஏற்ற பூட்டா என்பது வேறு கேள்வி.

இரண்டு குதிரைகளுக்கும் நடுவில் ஏர்க்கால் ஓடுகிறது. நம் மாட்டு வண்டியிலும் ஏர்க்கால் உண்டு என்றாலும் அங்கே நுகத்தடி இரண்டு மாட்டையும் ஒரே கட்டையில் கோத்துவிடுகிறது. ஒன்று முந்தினால் நுகம் சாய்கிறது, மற்றதும் வந்தாக வேண்டும். குதிரை வண்டியில் அந்த நுகம் இல்லை. ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனி இழுவை வார் வண்டிக்குப் போகிறது. கழுத்துப் பட்டையிலிருந்து ஒரு வாரோ சங்கிலியோ ஏர்க்கால் நுனிக்குப் போகிறது, அவ்வளவுதான். ஆக ஒரு குதிரை இழுக்க, இன்னொன்று சும்மா கூட ஓடலாம். ஒன்று பாய, மற்றது பின்வாங்கப் பார்க்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருப்பது லகானும், லகானைப் பிடித்திருக்கும் கையும்தான்.

வண்டி வேகம் குறையும்போது அதன் பாரம் ஏர்க்கால் வழியாக அந்தச் சங்கிலிக்கு வந்து குதிரைகளின் கழுத்தில் இறங்குகிறது. குதிரைகள் பின்னுக்கு உட்கார்ந்து தாங்கினால்தான் வண்டி நிற்கும். ஓட்டம் பிடித்த குதிரை பின்னுக்கு உட்காராது. அதனால் அதை நிறுத்துவது என்றால் வண்டியையும் சேர்த்து நிறுத்துவது.

இரண்டு கை, இரண்டு குதிரை

அரை தோமோனில் குதிரைக்காரரின் இடது கையில் அவர் ஏறியிருக்கும் குதிரையின் லகான். வலது கையில் பக்கத்துக் குதிரைக்குப் போகும் வார், கூடவே சாட்டை. அவருடைய வலது கால் இரண்டு குதிரைகளுக்கும் இடையில், ஏர்க்காலை உரசியபடி இருக்கும். அடிபடாமல் இருக்க அந்தக் காலுக்கு மட்டும் இரும்புக் காப்பு கட்டுவது வழக்கம். விழுந்தால் பின்னால் சக்கரம்.

சாதாரண ஓட்டத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். ஏறியிருக்கும் குதிரைக்குக் கையோடு காலும் உடல் பாரமும் பேசும். பக்கத்துக் குதிரைக்கு வலது கை மட்டும் போதும், ஏனென்றால் அது பெரும்பாலும் ஜோடியைப் பார்த்து ஓடும். முறையின் நம்பிக்கையே இதுதான்: இடத்துக் குதிரை கைக்குள் இருக்கும், வலத்துக் குதிரை அதைப் பின்பற்றும்.

அன்று மிரண்டது இடத்துக் குதிரை. ஆள் ஏறியிருந்த குதிரை. வலத்துக் குதிரை மிரண்டிருந்தால், குதிரைக்காரர் தன் குதிரையை ஊன்றி நிறுத்தி, அதன் எடையையே நங்கூரமாக வைத்து மற்றதை இழுத்துப் பிடித்திருக்கலாம். நங்கூரமே ஓட ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது? ஓடும் ஒற்றைக் குதிரைமேல் இருப்பவருக்கு ஒரு வழி உண்டு. ஒரு கையால் லகானைப் பிடரியோடு அழுத்தி ஊன்றிக்கொண்டு, மறு கையால் வெட்டி இழுத்து விட, இழுத்து விட என்று செய்வார். அதற்கு இரண்டு கையும் ஒரே குதிரைக்கு வேண்டும். இவருடைய வலது கையோ பக்கத்துக் குதிரையிடம் மாட்டியிருக்கிறது. அந்தக் கையை எடுத்தால் வலத்துக் குதிரை கட்டவிழ்ந்ததுபோல் ஆகும். அது விலகினால் ஏர்க்கால் கோணும், ஏர்க்கால் கோணினால் முன்சக்கரம் திரும்பும், அந்த வேகத்தில் இலேசான வண்டி கவிழும். எடுக்காவிட்டால் ஒரே கையால் அரை டன் எடையுள்ள குதிரையோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இந்த இரண்டில் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். வலது கையை விடவில்லை என்று நினைக்கிறேன். விட்டிருந்தால் வண்டி முழுசாகத் திரும்பியிருக்காது.

“நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன்”

வெளியே இருந்து பார்ப்பவருக்கு லகான் என்றால் ஒரே வேலை: இழுத்தால் நிற்கும். ஓட்டுபவருக்கு அது இரண்டு வேலை. வேகத்தைப் பிடிப்பது ஒன்று, திசையைப் பிடிப்பது ஒன்று. முதலாவதற்கு குதிரை ஒத்துழைக்க வேண்டும். கடிவாள இரும்பு வாயில் அழுத்தும்போது குதிரை அதற்கு இணங்கி உடலைப் பின்னுக்குச் சேர்க்க வேண்டும். பயத்தில் ஓடும் குதிரை அதைச் செய்யாது. கழுத்தை நீட்டி இரும்பின்மேலேயே சாய்ந்துகொள்ளும். அப்போது பலம் கொண்ட மட்டும் ஒரே சீராக இழுத்துக்கொண்டே இருந்தால் அதற்குச் சாய ஒரு சுவர் கட்டிக் கொடுத்தது மாதிரிதான். வாய் மரத்துப்போகும், கை ஓய்ந்துபோகும், வேகம் குறையாது.

திசை அப்படியில்லை. ஓடும் குதிரைக்கும் தலையை ஒரு பக்கம் கொஞ்சம் திருப்பினால் உடல் அந்தப் பக்கம்தான் போகும். அதற்கு வேண்டியது பலம் இல்லை, இடமும் வலமும் உள்ள வித்தியாசம் மட்டும். வேகம் கையை மீறிப் போன பிறகும் திசை கையில் இருக்கலாம். அனுபவப்பட்டவர்கள் இதை வைத்துத்தான் பிழைப்பார்கள். முதலில் சாலையின் நடுவில் வைத்துக்கொள், மோதாதே, கூர்மையாகத் திருப்பாதே. இடம் கிடைத்தால் பெரிய வட்டமாகப் போடு, மேடு வந்தால் மேட்டில் ஏற்று. இழுத்து விடு, இழுத்து விடு. விடும் கணத்தில்தான் குதிரைக்குத் தன் சாய்மானம் போய் நினைவு வரும். மூச்சு முட்ட ஓடிய குதிரை எப்படியும் ஓர் இடத்தில் தளரும். அதுவரை வண்டியைக் கவிழாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் லகானின் வேலை.

குதிரைக்காரரின் பதிலைத் திரும்பப் படியுங்கள். பிடிக்க முடியவில்லை, நடத்துகிறேன். பதற்றத்தில் உளறியவர் பேச்சாக இது எனக்குத் தோன்றவில்லை. நிலைமையை ஒரு வரியில் துல்லியமாகச் சொன்ன தொழில்காரர் பேச்சு. ஆனால் கேட்டவர் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும். அதற்காக இளவரசரைக் குறைசொல்லவும் முடியாது. அல்ஜீரியப் போர்க்களங்களைக் கண்டவர், கோழை இல்லை. அதுதான் பிரச்சினையோ என்னவோ! தன் கால்மேல் நம்பிக்கை உள்ள திடகாத்திரமான ஆள், இன்னொருவர் கையில் உயிரை ஒப்படைத்துச் சும்மா உட்கார்ந்திருப்பது கடினம்.

முன்பலகையிலிருந்து ஓட்டியிருந்தால்

இந்த விபத்தைப் பற்றிப் பேசும்போது குதிரை வண்டி தெரிந்தவர்கள் தவறாமல் கேட்பது இது. இதே இரண்டு குதிரைகளை முன்பலகையில் உட்கார்ந்த வண்டிக்காரர் ஓட்டியிருந்தால்? அதற்கு இரட்டை லகான் எப்படி ஓடுகிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்கச் சாதாரணத் தோல் வார்தான், உள்ளே இருக்கும் கணக்கு அருமையானது.

வண்டிக்காரர் கையில் இரண்டே வார்கள், இடது ஒன்று, வலது ஒன்று. இடது வார் நேராக இடத்துக் குதிரையின் கடிவாளத்தில் இடப்பக்க வளையத்துக்குப் போகிறது. இது வெளி வார். வழியில் அதன்மேல் ஒரு பக்கிள் வைத்து ஒரு கிளை வார் பிரிகிறது. அந்தக் கிளை குறுக்கே போய் வலத்துக் குதிரையின் இடப்பக்க வளையத்தில் மாட்டுகிறது. வலது வாரும் இப்படியே, கண்ணாடியில் பார்த்த மாதிரி. ஆக இடது கையை இழுத்தால் இரண்டு குதிரைகளின் இடது வாயும் ஒரே நேரத்தில் இழுபடும், இரண்டும் இடதுபக்கம் திரும்பும். நான்கு வாய் முனைகள், இரண்டு கை முனைகள்.

ஜோடியில் இரண்டும் ஒரே குணமாக அமைவது அரிது. ஒன்று துடிப்பு, ஒன்று சோம்பல். அப்படியே விட்டால் துடிப்பான குதிரை வண்டி முழுவதையும் இழுக்கும், சோம்பேறி உல்லாசமாகக் கூட வரும். இதைச் சரிசெய்யத்தான் அந்தப் பக்கிள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரீஸில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த எட்வின் ஹௌலெட் என்ற ஆங்கிலேயரிடம் பாடம் படித்தவர் பென்னோ ஃபான் ஆகென்பாக். ட்யூசெல்டார்ஃபில் 1861இல் பிறந்தவர், ஓவியர் ஓஸ்வால்ட் ஆகென்பாக்கின் மகன். பின்னால் பெர்லினில் ஜெர்மன் பேரரசரின் லாயத்தில் வேலை பார்த்தார். இன்று ஜெர்மனியில் கற்றுக்கொடுக்கப்படும் லகான் முறை அவர் பெயரில்தான் வழங்குகிறது. அவருடைய இரட்டை லகானில் வெளி வாரில் 11 துளைகள், ஒன்றுக்கொன்று 4 சென்டிமீட்டர் இடைவெளி. இரண்டு பக்கிளும் நடுத்துளையில், அதாவது ஆறாவதில் இருப்பது இயல்பு நிலை. அப்போது கிளை வார் வெளி வாரைவிட 12 சென்டிமீட்டர் நீளமாக இருக்கும், ஏனென்றால் அது குறுக்கே போக வேண்டும்.

சரி, வலத்துக் குதிரை துடிப்பு, அதைக் கொஞ்சம் பின்னுக்கு வைக்க வேண்டும். புதிதாக ஓட்டுபவர் என்ன செய்வார்? வலது லகானைத்தானே இறுக்க வேண்டும் என்று அங்கே கை வைப்பார். தப்பு. முதலில் இடது வாரின் பக்கிளைக் கைப்பக்கம் ஒரு துளை நகர்த்த வேண்டும். வலத்துக் குதிரையின் இடப்பக்கம் 4 சென்டிமீட்டர் குறைந்தது. அப்புறம் வலது வாரின் பக்கிளைக் குதிரைப்பக்கம் ஒரு துளை நகர்த்த வேண்டும். இடத்துக் குதிரையின் வலப்பக்கம் 4 சென்டிமீட்டர் கூடியது. இப்போது பார்த்தால் இரண்டு தலையும் இடதுபக்கம் திரும்பி நிற்கும். வண்டிக்காரர் வலது வாரை 4 சென்டிமீட்டர் கைக்குள் எடுத்துக்கொள்கிறார், தலைகள் நேராகின்றன. கூட்டிக் கழித்தால் வலத்துக் குதிரைக்கு இரண்டு பக்கமும் 4 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. இடத்துக் குதிரைக்கு ஒன்றுமே மாறவில்லை. துடிப்பான குதிரை அந்த நான்கு சென்டிமீட்டர் பின்னால் ஓடும், சோம்பேறி தன் இழுவை வாருக்கு வரும்.

ஒரு பக்கம் ஐந்தாம் துளைக்குப் போனால் மறுபக்கம் ஏழாம் துளைக்கு வர வேண்டும். இரண்டையும் கூட்டினால் 12 மாறக்கூடாது. இரண்டு பக்கிளையும் கைப்பக்கம் கொண்டுவந்தால் குதிரைகள் மூக்கோடு மூக்கு ஒட்டிக்கொண்டு உடலை வெளியே தள்ளி ஓடும். இரண்டையும் முன்னால் தள்ளினால் ஆளுக்கொரு திசையில் வேடிக்கை பார்க்கும்.

கையில் பிடிப்பதற்கும் கணக்கு உண்டு. இடது கையில் இடது வார் ஆட்காட்டி விரல்மேல், வலது வார் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில். இடையில் இரண்டு விரல் இருப்பதால், மணிக்கட்டைத் திருப்பினாலே ஒரு வார் கூடி மறு வார் குறையும். வலது கை உதவிக்கு முன்னால் வரும், சாட்டையும் அதில். திருப்பும்போது உள்பக்க வாரை இழுத்துத் திருப்புவதில்லை, வெளிப்பக்க வாரை விட்டுக் கொடுத்துத் திருப்ப வேண்டும் என்பது ஆகென்பாக்கின் அடிப்படை. வெளிப்பக்கக் குதிரைக்கு வளைவில் அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது. அதற்கு இடம் விட்டால்தான் வண்டியை அது இழுக்கும். பல வருஷம் இப்படிப் பழகிய கைக்கு, நெருக்கடியிலும் “விடு” என்பது முதலில் வரும். இழுக்க மட்டும் தெரிந்த கைக்கு அது வராது.

இப்போது கேள்விக்கு வருவோம். முன்பலகையிலிருந்து ஓட்டியவருக்கு மிரண்ட இடத்துக் குதிரையும் மிரளாத வலத்துக் குதிரையும் ஒரே வாரின் இரண்டு கிளைகளில் இருந்திருக்கும். மிரளாத குதிரை லகானுக்குக் கட்டுப்பட்டு உட்காரும்போது அதன் எடை ஏர்க்கால் வழியாக வண்டிக்கும் மிரண்ட குதிரைக்கும் தடையாகும். இரண்டு கையையும் ஒரே வேலைக்குச் சேர்க்கலாம். அவர் கால் வண்டியில் ஊன்றியிருக்கும், குதிரைமேல் தொங்காது. இதெல்லாம் கூடுதல் பலம்தான்.

ஆனாலும் முன்பலகை இருந்திருந்தால் விபத்தே நடந்திருக்காது என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. ஜோடிக் குதிரையில் ஒன்று மிரண்டால் மற்றதற்கும் பயம் தொற்றுவது நொடிக் கணக்கு. இரண்டும் ஓடினால் முன்பலகைக்காரரும் அதே இடத்துக்குத்தான் வருவார்: வேகம் போச்சு, திசை இருக்கிறது. தோமோன் பூட்டு குதிரைக்காரரின் கையைப் பாதியாக்கியது உண்மை. அந்தப் பாதியை வைத்தே அவர் வண்டியைக் காப்பாற்றினார் என்பதும் உண்மை.

குதிப்பு

வண்டி எவ்வளவு வேகம் போனது என்று அளந்தவர் யாரும் இல்லை. மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துப் பார்ப்போம், நாலுகால் பாய்ச்சலுக்கு இது தாராளமாகக் குறைத்துச் சொல்வது. வினாடிக்கு 7 மீட்டர். படியில் கால் வைத்து இறங்கும் ஆளின் உடலும் அதே 7 மீட்டர் வேகத்தில்தான் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. கால் தரையைத் தொட்ட கணத்தில் கால் நிற்கிறது, இடுப்புக்கு மேலே உள்ளதெல்லாம் நிற்பதில்லை. இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து தலைகீழாக விழுந்தால் என்ன வேகத்தில் தரையில் மோதுவோமோ, கிட்டத்தட்ட அந்த வேகம். கீழே கல்பாவிய சாலை.

படி தாழ்வாக இருந்தது இங்கே உதவியாக இல்லை, ஆசை காட்டியது. தரை இவ்வளவு கிட்டே இருக்கிறது, ஒரு எட்டு வைத்தால் போதும் என்று கண் சொல்லும். உயரமான வண்டியாக இருந்தால் குதிக்கவே தயங்கியிருப்பார். முன்னால் மறைக்க முன்பலகையும் வண்டிக்காரர் முதுகும் இல்லாததால், ஓடும் குதிரைகளின் பிடரியும் ஒற்றை ஆள் திணறுவதும் அவருக்கு நேராகத் தெரிந்திருக்கும். ஊருக்குத் தரிசனம் கொடுப்பதற்காக எடுத்த அந்தப் பலகை, உள்ளே இருந்தவருக்குப் பயத்தையும் தரிசனம் காட்டியது.

எழுந்து நின்றார், வீசப்பட்டார் என்ற மறுகதையே சரி என்றாலும் முடிவு மாறாது. நின்றவரின் உடல் பாரம் வண்டியின் விளிம்புக்கு மேலே போய்விடும். இலேசான வண்டியில் அது வண்டிக்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து.

பிறகு

ஓர்லேயான் வம்சத்துக்கு இதனால் வந்த விளைவை எல்லா வரலாறும் சொல்லும். இறந்தவரின் மகனுக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை. சிறுவன் அரியணை ஏறும் நிலை வந்தால் சித்தப்பா நெமூர் கோமகன் ஆட்சியைப் பார்த்துக்கொள்வார் என்று ஆகஸ்டில் சட்டம் செய்தார்கள். 1848 பிப்ரவரியில் லூயி ஃபிலிப் முடி துறந்து பேரனைக் கைகாட்டினார், பாரீஸ் ஏற்கவில்லை, குடியரசு வந்தது. மக்களிடம் செல்வாக்கு இருந்த மூத்த மகன் உயிரோடு இருந்திருந்தால் என்ற பேச்சு இன்றும் ஓய்ந்தபாடில்லை. ஒரு குதிரை மிரண்டதால் ஓர் ஆட்சி போனது என்று முடிச்சுப் போடுவது எனக்கு உவப்பில்லை. 1848க்கு வேறு காரணங்கள் நிறைய இருந்தன. மளிகைக்கடை இருந்த இடத்தில் சிற்றாலயம் ஒன்று எழும்பியது. அதன் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்கு வரைந்து கொடுத்தவர் ஓவியர் ஆங்க்ர்.

வண்டி ஓட்டுபவர்களின் பார்வையில் கிடைக்கும் விடை இன்னும் சின்னது. குதிரைக்காரர் செய்ததில் நான் தவறு காணவில்லை. பூட்டுமுறையில் குறை இருந்தது: ஏறியிருக்கும் குதிரைதான் மிரளும் என்ற வாய்ப்புக்கு அதில் இடம் வைக்கவில்லை. மூன்றாவது, வண்டிக்குள் இருந்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. அரச குமாரருக்கு யார் சொல்வது!

இன்றைய இரட்டைக் குதிரை வண்டிப் போட்டிகளில் ஓட்டுநரோடு உதவியாளர் ஒருவரும் கட்டாயம் ஏறியிருக்க வேண்டும். லகான் ஓட்டுநர் ஒருவர் கையில்தான்; உதவியாளர் அதைத் தொட்டால் தண்டப் புள்ளி. வளைவில் தன் பாரத்தை உள்பக்கம் சாய்ப்பது, வழியைக் கூவிச் சொல்வது, வண்டி நின்றதும் ஓடிப்போய்க் குதிரைகளின் தலைப்பக்கம் நிற்பது எல்லாம் அவர் வேலை. சுற்றுலா வண்டியிலும் திருமண வண்டியிலும் நல்ல வண்டிக்காரர் கிளம்புவதற்கு முன்பே பயணிகளிடம் சொல்லிவிடுவார்: குதிரை ஓடினால் எழுந்திருக்காதீர்கள், தாழ உட்காருங்கள், கைப்பிடியைப் பிடியுங்கள், நான் இறங்கச் சொல்லும்வரை இறங்காதீர்கள். ஆற்றுக்குள்ளோ பள்ளத்துக்குள்ளோ வண்டி போவது நிச்சயம் என்றால் தவிர, இந்த விதிக்கு விலக்கு கிடையாது. ரெவோல்ட் சாலை நேரான, அகலமான சாலை. வண்டிக்குள் இளவரசரின் தோளை அழுத்தி உட்கார வைக்கும் உரிமையுள்ள ஓர் ஆள் பக்கத்தில் இருந்திருந்தால், குதிரைக்காரர் கேட்டது இன்னும் கொஞ்ச தூரம்தான், அது அவருக்குக் கிடைத்திருக்கும்.